திங்கட்கிழமை நுரை

அத்தியாயம் 5

காணாமல் போன குடையைக் கண்டுபிடித்துக் கொடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. (குடை, புகார் கொடுக்க வந்தவரின் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.) அதற்கப்புறம் ‘அண்ணி துப்பறியும் நிலையம்’ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சரிவான ஒரு தெருவின் மேல் கோடியில் முதல் வீடு, அதன் முன்னறை, அதில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. மேஜைக்கு அடியில் குறட்டை விட்டபடி ஜட்ஜ். ஜட்ஜ் ஒரு நாய். எந்த வழக்கு வந்தாலும் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

அண்ணி பன்னிரண்டு வருஷம் டெலிபோன் ஆபீஸில் புகார்ப் பிரிவில் இருந்தவள். நாளெல்லாம் வசவு வாங்கி வாங்கி, யார் நிஜமாகவே கோபப்படுகிறார், யார் தன் தப்பை மறைக்கக் கத்துகிறார் என்று ‘ஹலோ’விலேயே பிரித்துவிடுவாள். உதவியாளன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் சின்னவன் என்பார்கள், தெருவிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அண்ணன் தொலைதூரப் பஸ் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஒரு தடவை கிளம்பும்போது, “இவனுக்கு ஏதாவது வேலை கொடு, இல்லைன்னா பேசியே நம்ம வீட்டைக் காலி பண்ணிடுவான்” என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனார். சின்னவன் துப்பறிவாளன் ஆனது அப்படித்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை சின்னவன் முற்றத்தில் பெரிய நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தான்.

“ஓட்டை எங்க தம்பி இருக்கு?” என்றாள் அண்ணி.

“அது தெரிஞ்சா அங்க மட்டும் பூசமாட்டேனா? தண்ணி பிடிக்கப் போட்டுட்டு உள்ள போறேன். திரும்பி வந்து பார்த்தா பாதி காணோம். மூணு வாரமா இதே கதை. கடைக்காரர்கிட்ட தொண்டை கிழியச் சண்டை போட்டு போன வாரம்தான் புதுசு மாத்திட்டு வந்தேன். நேத்து பார்த்தா இதுவும் அதே லட்சணம்.”

“தரை ஈரமா இருந்துச்சா?”

“இல்லையே.”

“ஓட்டையும் இல்ல, ஈரமும் இல்ல. அப்புறம் தண்ணி எங்க போச்சு?”

“தொட்டியே குடிச்சிடுச்சு போல. வெயில் காலம் இல்ல?”

அண்ணி சிரிக்கவில்லை. அவள் காதுக்கு ஒத்துவராத பதில் கிடைத்தால் இடது புருவத்தை மட்டும் தூக்குவாள். தூக்கிய புருவம் கீழே இறங்குவதற்குள் வாசல் கதவு திறந்தது.

வந்தவர் வால்வுக்காரர். தெருவுக்குக் குடிதண்ணீர் திறந்துவிட்டு மூடுகிறவர். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, உள்மணிக்கட்டில் கடிகாரம். நேரம் தவறாத மனுஷர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே கடிகாரம்தான். சாவியைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அம்மா, சாயங்காலம் நாலு மணிக்கு என் வேலை போயிடும்.”

“அதுக்குக்கூட நேரம் குறிச்சு வச்சிருக்கீங்களா?” என்றான் சின்னவன்.

“நான் குறிக்கல தம்பி, தலைவர் குறிச்சார். நாலு மணிக்குத் தண்ணி ஆபீஸ் இன்ஜினியரம்மாவை வரச் சொல்லியிருக்கார்.”

தலைவர் என்றால் தெருச் சங்கத் தலைவர். இரண்டாம் எண் வீடு. காக்கை கத்தினாலும் மனு, குக்கர் விசில் அடித்தாலும் மனு. அவர் வீட்டில் பேனாவுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

வால்வுக்காரர் பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே கலங்கலான தண்ணீர், மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை.

“காலையில ஆறரைக்குத் திறக்கிறேன், ஏழரைக்கு மூடுறேன். வாரத்துல ஆறு நாள் தண்ணி கண்ணாடி மாதிரி வருது. திங்கட்கிழமை மட்டும் இப்படி. முதல் வாளி பூரா நுரை, அப்புறம் சரியாயிடுது. இது மூணாவது திங்கட்கிழமை. தண்ணி ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணிட்டாங்க. டேங்க்ல தப்பே இல்ல, குளோரின் சரியா இருக்கு, கிருமி கிடையாது. இந்தத் தெருக் குழாய்ல மட்டும் சோப்பும் பூச்சி மருந்தும் கலந்த மாதிரி ஏதோ இருக்காம்.”

“அதுக்கு உங்களை ஏன் சொல்றாங்க?”

“நான் வால்வுக் குழியில இறங்கி சட்டை துவைக்கிறேனாம்.”

சின்னவன் அவருடைய சட்டையைப் பார்த்தான். உண்மையிலேயே கண் கூசும் வெள்ளை. “இந்தச் சட்டையோட நீங்க எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் தண்டனைதான்.”

“என் சம்சாரம் கை அப்படி, தம்பி.” அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “பதினோரு வருஷம் தினக்கூலியா ஓடினேன்மா. போன மாசம்தான் இந்தத் தெருவைக் கொடுத்து, மூணு மாசம் புகார் வராம இருந்தா நிரந்தரம்னு சொன்னாங்க. இன்னிக்குப் புகார் ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான்.”

அண்ணி பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். “எங்கேயோ மோந்த வாசனை. ரொம்பப் பழகினது. அதான் பிடிபடமாட்டேங்குது. தம்பி, நீ பாரு.”

“என் மூக்கு வெறும் அலங்காரத்துக்கு அண்ணி, கண்ணாடி மாட்டிக்க உதவும்” என்றான் சின்னவன். வருஷம் முழுக்க மூக்கடைப்பு அவனுக்கு. அடுப்பில் பால் கருகினால் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

“சரி, உங்களுக்கு முன்னாடி இருந்தவர் வேலைக்கும் உங்க வேலைக்கும் என்ன வித்தியாசம்?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்லம்மா. அவர் மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சாவியால இரும்பு மூடியில மூணு தட்டு தட்டுவார். பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் ஓய்வு பெற்ற அன்னைக்கே, இனிமே அந்தச் சத்தம் கூடாதுன்னு தலைவர் மனு கொடுத்துட்டார். தெருவே கையெழுத்துப் போட்டிருந்துச்சு. அதனால நான் பூனை மாதிரி வந்து மூடிட்டுப் போறேன். வால்வுக்கு கிரீஸ்கூடப் போட்டுட்டேன்.”

“நானும் அதுல கையெழுத்துப் போட்டேன்” என்றான் சின்னவன்.

“படிச்சுப் பார்த்தியா?”

“பேனா நல்லா எழுதுச்சு அண்ணி.”

அண்ணி எழுந்து செருப்பை மாட்டினாள். “ஏழு நாளும் மூடுறவர் இவர். நுரை வர்றது ஒரு நாள். அப்ப தப்பு இவரோடது இல்ல, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏதோ செய்யற ஆளோடது. வா, கீழேருந்து ஆரம்பிப்போம்.”

பதினாலாம் எண் வீட்டில் தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“நுரையா? வாளிக்குள்ள மேகம் இறங்கின மாதிரி இருந்துச்சு. முதல் வாரம் எவனோ சோப்பு போட்டு விளையாடுறான்னு நினைச்சேன். போன வாரம் கடைக்குட்டி எனக்குத் தெரியாம ஒரு டம்ளர் பிடிச்சுக் குடிச்சிட்டா. அன்னைக்குப் பூரா வாந்தி. ஆஸ்பத்திரியில படுக்கவச்சு சலைன் ஏத்துற மாதிரி ஆயிடுச்சு.” மிஷின் நின்றது. “யார் செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. நான் அவன் வாயைத் தைச்சு விடுறேன். இரட்டைத் தையலா.”

ஐந்து வயதுக் கடைக்குட்டி துணிக் குவியலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இப்போது தெம்பாகத்தான் இருந்தது. சின்னவன் ஒரு கேலியை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டான்.

“வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா? உடம்புல, துணியில?” என்றாள் அண்ணி.

தையல்காரம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். “சொன்னா சிரிப்பீங்க. திங்கட்கிழமைதான் பிள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்துவேன். மூணு பிள்ளைங்க தலையிலயும் பேன் ஒழிஞ்சிடுச்சு. நான் என்னென்னவோ தேய்ச்சுப் பார்த்தும் போகாத பேன். பள்ளிக்கூடத்து டீச்சர்கூடக் கேட்டாங்க, உங்க தெருப் பிள்ளைங்க மட்டும் ஏன் சொறியறதே இல்லைன்னு.”

வெளியே வந்ததும் சின்னவன், “எதிரி நல்லவனா கெட்டவனான்னே புரியலையே அண்ணி. ஒரு பக்கம் வாந்தி, ஒரு பக்கம் சமூக சேவை” என்றான்.

“பேனைக் கொல்ற நுரை” என்று அண்ணி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வீடு வீடாக ஏறி விசாரித்ததில் ஒரு கணக்கு கிடைத்தது. கீழ் கோடியிலிருந்து நாலாம் எண் வரைக்கும் எல்லா வீட்டிலும் நுரை. மூன்று, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று வீட்டில் மட்டும் இல்லை. சின்னவன் நோட்டில் மூன்று கட்டம் போட்டான்.

“மூணாம் நம்பர் பூட்டிக் கிடக்கு, ஆறு மாசமா ஆளே இல்ல. ஒண்ணாம் நம்பர் நம்ம வீடு, அதை அடிச்சிடலாம். மிச்சம் ரெண்டாம் நம்பர்.” அவன் முகம் மலர்ந்தது. “தலைவர்!”

“அவசரப்படாதே.”

“அவசரமே படல அண்ணி, ரொம்ப வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்.”

ஐந்தாம் எண்ணில் அழகு நிலையம். வாசலிலேயே நாலு தண்ணீர் டியூபும் இரண்டு பேசினும் ஷாம்பு பாட்டில் வரிசையும் தெரிந்தன. சின்னவன் அண்ணியின் காதில், “ஆயுதக் கிடங்கு” என்றான்.

அழகு நிலைய அக்கா ஒரு பெண்ணின் தலையைப் பேசினில் சாய்த்து வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனாள். “என்மேலயா சந்தேகம்? எனக்கே திங்கட்கிழமை நுரை வருது. அதுவும் ஏழு மாதிரி ஷாம்பு இருக்கிற கடையில இன்னொருத்தன் ஷாம்பு! எவ்வளவு அவமானம் தெரியுமா?”

அண்ணி பாட்டிலை நீட்டினாள். அக்கா ஒரு தடவை முகர்ந்தாள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

“ரோஜால ஆரம்பிச்சு மருந்துக்கடையில முடியுது. பதினஞ்சு வருஷமா தலையில கை வச்சிருக்கேன். இது மனுஷத் தலைக்கு இல்லவே இல்ல. இது உண்ணிக்குப் போடறது.”

“உண்ணின்னா?”

“நாய் மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குமே, அது. நாய் ஷாம்புதான் இது.”

பேசினில் தலை சாய்த்திருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப மூணு வாரமா என் முடி பட்டு மாதிரி இருந்தது...?”

“பேசாம படும்மா” என்றாள் அக்கா.

தெருவில் இறங்கியதும் சின்னவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “அண்ணி, தெருவுல நாய் மொத்தமே ரெண்டு. ஒண்ணு நம்ம ஜட்ஜ். இன்னொண்ணு தலைவரோட புலி. நுரை வராத வீடு, நாய் இருக்கிற வீடு, திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை ஓய்வா இருக்கிற மனுஷன். கேஸ் முடிஞ்சுது! மனு எழுதின கைக்கு மாவுக்கட்டுதான்.”

அண்ணி தலைவர் வீட்டை நோக்கி நடந்தாள். இடது புருவம் தூக்கியே இருந்தது.

தலைவர் வாசலில் நாற்காலி போட்டு ஒரு புது மனு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புலி. புலி என்பது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாய். பழுப்பா, வெள்ளையா என்று அழுக்கு விட்டால்தான் சொல்லமுடியும்.

“வாங்க. கடிகாரத்துக்கு வக்காலத்தா? நாலு மணிக்கு வந்து பேசிக்குங்க” என்றார் தலைவர்.

“உங்க வீட்ல நுரை வருதா சார்?” என்றாள் அண்ணி.

“என் வீட்ல எப்படி வரும்? எல்லாருக்காகவும் நான் போராடறேன். அதுதான் தலைமை.”

“ஞாயித்துக்கிழமை காலையில நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று சின்னவன் குறுக்கே புகுந்தான். “ஒரு வாளி, ஒரு ஷாம்பு, ஒரு நாய். ஞாபகம் வருதா?”

“தம்பி, என்னய்யா உளர்றே?”

“புலியைக் குளிப்பாட்டுவீங்கல்ல?”

அந்த ஒரு வார்த்தை போதும். ‘குளிப்பாட்டு’ என்றதுமே புலி எழுந்து வீட்டைச் சுற்றி ஓடிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து மறுபக்கமாக வந்து, உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிய ஆரம்பித்தது. காது முடிந்து கழுத்து, கழுத்து முடிந்து வயிறு. நாய் சொறிகிற சத்தம் மட்டும் தெருவெல்லாம் கேட்டது.

“அது குளிச்சு எட்டு மாசம் ஆகுது” என்றார் தலைவர், முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில். “தண்ணியைக் காட்டினா கடிக்குது. வீட்ல யாரும் கிட்டப் போறதில்ல.”

அண்ணி குனிந்து புலியின் காதைப் புரட்டிப் பார்த்தாள். கடலை மாதிரி வரிசையாக உண்ணிகள். அவள் நிமிர்ந்து, “நன்றி சார். நீங்க நிரபராதி. புலி சாட்சி சொல்லிடுச்சு” என்றாள்.

சின்னவனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. “எப்படி அண்ணி இவரை விட்டுட்டீங்க?”

“உண்ணி ஷாம்பு போட்ட வீட்டு நாய் இப்படிச் சொறியுமா? இந்தத் தெருவுல பேன் இல்லாம போச்சு, புலிகிட்ட மட்டும் உண்ணி இருக்கு. யோசி தம்பி. சொறியாத நாய் எது?”

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னவன் நடுத்தெருவில் நின்றான். வாய் திறந்திருந்தது, அதில் பேச்சு இல்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான சம்பவம்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் தார் பூசிய தொட்டியின் முன்னால் இருவரும் நின்றார்கள். ஜட்ஜ் பின்னாலேயே வந்து அண்ணியின் காலடியில் படுத்தது. அண்ணி குனிந்து அதன் முதுகை முகர்ந்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ரோஜா, மருந்துக்கடை. தினமும் என் மேஜைக்கு அடியிலயே இருக்கு. நம்ம வீட்டு வாசனை நமக்குத் தெரியறதே இல்ல பாரு. சரி, சொல்லு. ஞாயித்துக்கிழமை என்ன நடக்கும்?”

“ஏழு மணிக்கு டியூபைத் தொட்டிக்குள்ள போடுவேன். ஷாம்பு ஊத்துவேன். வாளிச் சத்தம் கேட்டதும் இவன் கட்டிலுக்கு அடியில போயிடுவான். காலைப் பிடிச்சு இழுத்து வெளியே கொண்டுவரவே அரை மணி ஆகும்.”

“டியூப் முனை எங்க கிடக்கும்?”

“தொட்டிக்கு அடியில. தண்ணிக்குள்ள.”

“வால்வு மேல் கோடியில இருக்கு, நம்ம வாசல்ல. அதை மூடினதும் கீழ் வீட்டுக்காரங்க திறந்து வச்சிருக்கிற குழாய் வழியா, பைப்புல மிச்சம் இருக்கிற தண்ணி இறங்கும். மேல பைப் காலியாகும். காலியான பைப் என்ன செய்யும்? எட்டுனதை உறிஞ்சும். நீ ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற மாதிரிதான். தொட்டி ஒழுகல தம்பி. உன் தொட்டியைத் தெரு குடிச்சிருக்கு. மறுநாள் காலையில புதுத் தண்ணி வந்து அதைக் கீழ தள்ளியிருக்கு. அதனாலதான் மேல் வீட்ல நுரை வரல.”

“ஆனா நான் வருஷக்கணக்கா இப்படித்தானே குளிப்பாட்டுறேன்? மூணு வாரமா மட்டும் ஏன்?”

“அதை நாலு மணிக்குச் சொல்றேன்.” அண்ணி அவனை நேராகப் பார்த்தாள். “எப்படி நடந்ததுன்னு நான் சொல்வேன். யாருன்னு சொல்லமாட்டேன். அது என் வேலை இல்ல.”

சின்னவன் முற்றத்துப் படியில் உட்கார்ந்தான். தையல்காரம்மாவின் கடைக்குட்டி துணிக் குவியலிலிருந்து எட்டிப் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தக் குழந்தையைப் படுக்கையில் போட்டவன் தான்தான் என்பதை அவனால் கேலியாக மாற்றவே முடியவில்லை.

நாலு மணிக்கு வால்வுக் குழியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. இன்ஜினியரம்மா கையில் கோப்போடு நின்றாள். வால்வுக்காரர் ஓரமாக, சாவியைப் பிடித்தபடி. அந்த வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு ஒரு பழைய சாயம் போன சட்டையில் வந்திருந்தார். அதைப் பார்த்ததும் சின்னவனுக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

“ஆதாரம் எதுக்கு? இந்த ஆள் வந்த பிறகுதான் நுரை வந்துச்சு” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“அது நிஜம்தான்” என்றாள் அண்ணி. “இவர் வந்த பிறகு இந்தத் தெருவுல ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு போச்சு. போனதைத்தான் யாரும் கவனிக்கல. அந்தச் சாவியைக் கொடுங்க.”

சாவியை வாங்கினாள். இரண்டு கையாலும் தூக்கி, வால்வுக் குழியின் இரும்பு மூடியில் ஓங்கித் தட்டினாள்.

டங். டங். டங்.

கூட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. தையல்காரம்மாவின் வலது கை தானாக எழுந்து, காற்றிலிருந்து எதையோ தூக்கிப் பக்கத்தில் போட்டது. அழகு நிலைய அக்கா இரண்டு கையாலும் இல்லாத டியூபைச் சுருட்டினாள். எட்டாம் நம்பர்க்காரர் திடுக்கிட்டுத் தன் வீட்டை நோக்கி நாலடி ஓடிவிட்டு, எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் நின்றார். தலைவர்கூட மனுவைக் கீழே போட்டுவிட்டு எதையோ வெடுக்கென்று மேலே இழுத்தார்.

“என்ன தூக்குனீங்க எல்லாரும்?” என்றாள் அண்ணி.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டியூப்” என்றாள் தையல்காரம்மா, தன் கையையே அதிசயமாகப் பார்த்தபடி.

“பதினெட்டு வருஷமா இந்தச் சத்தம் கேட்டதும் டியூபைத் தண்ணியிலேருந்து தூக்குனீங்க. தண்ணி நிக்கப் போகுதுன்னு கை தானா செஞ்சது, எதுக்குன்னு தெரியாமலே. சத்தத்தை மனு போட்டு நிறுத்திட்டோம். கையும் நின்னு போச்சு. மேல் வீடு ஒண்ணுல, ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு, நாய் ஷாம்பு கலந்த தொட்டிக்குள்ள டியூப் கிடந்திருக்கு. பைப் அதை உறிஞ்சிடுச்சு. இன்னிக்கு ஷாம்புன்னு சிரிக்கிறோம். செடிக்கு அடிக்கிற மருந்து கலந்த வாளியா இருந்திருந்தா?”

தையல்காரம்மா கடைக்குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “மேல் வீடா? நாயா? தலைவர் வீட்லதானே நாய் இருக்கு!”

கூட்டம் திரும்பியது. தலைவர் திணறினார். “எ... எட்டு மாசமா அது குளிக்கவே...” அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பல வருஷ மனுக்களின் கடுப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தது.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வால்வுக்காரருக்கு வேலை மிஞ்சும், தலைவருக்கு ஒரு பாடம் கிடைக்கும், தன் மானமும் தப்பும். இவ்வளவு சுலபமாக ஒரு தப்பைக் கைகழுவ இனி எந்தக் காலத்திலும் வாய்ப்புக் கிடைக்காது.

வால்வுக்காரர் பழக்கதோஷத்தில் உள்மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார்.

“நான்தான்” என்றான் சின்னவன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “இவன் ஒருத்தன், எங்க வந்து ஜோக் அடிக்கிறான் பாரு!”

“நிஜமாத்தான். நான்தான் செஞ்சேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. எட்டாம் நம்பர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கேலி பேசியவன் ஒரு நாள் உண்மை சொன்னால் இதுதான் கதி என்று சின்னவனுக்கு அப்போது உறைத்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு ஓடினான். ஒரு கையில் தார் பூசிய தொட்டி, இன்னொரு அக்குளில் ஜட்ஜ் என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். ஜட்ஜை அழகு நிலைய அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

அக்கா முகர்ந்தாள். “அய்யோ, இதேதான்!”

ஜட்ஜ் தன் பணிக்காலத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணையும் திறந்து, சின்னவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது. தீர்ப்பு அதுதான்.

சிரிப்பு நின்றது. சின்னவன் தையல்காரம்மாவின் முன்னால் போய் நின்றான். “வாயைத் தைக்கணும்னா தைச்சிடுங்க அக்கா. எனக்குத் தெரியாதுதான். ஆனா தெரியலைன்னு சொன்னா பாப்பா பட்டது இல்லாம போகாது. மன்னிச்சிடுங்க.”

தையல்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியது அவளுக்கு. கடைக்குட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, “என்கிட்ட எதுக்கு? குடிச்சது இவ, இவகிட்ட கேளு” என்றாள்.

கடைக்குட்டி நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “பேன் மறுபடியும் வருமா?” என்று கேட்டது.

இன்ஜினியரம்மா கோப்பில் நாலே வரி எழுதினாள். வால்வுக்காரர்மேல் தப்பில்லை. எந்த வீட்டிலும் டியூப் முனை தண்ணீரைத் தொடக்கூடாது, ஒரு சாண் மேலேயே இருக்கவேண்டும். வீட்டுத் தண்ணீர் திரும்பவும் தெருப் பைப்புக்குள் போகாதபடி வீட்டுக்கு வீடு ஒரு சின்ன வால்வு மாட்டவேண்டும். நாலாவது வரியை எழுதும்போது தலைவரைப் பார்த்து, “அந்த மூணு தட்டு இனிமே கட்டாயம்” என்றாள். தலைவர் மனு எழுதப் பேனாவைத் தேடினார். யாரோ எடுத்து ஒளித்துவைத்திருந்தார்கள்.

வால்வுக்காரர் சின்னவனிடம் ஒன்றும் பேசவில்லை. தன் சாவியை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவனுக்கு. அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தொட்டிக்கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் நம்பவில்லை, இன்னொரு தொட்டி மாற்றத்தான் வந்திருக்கிறான் என்று கடையைச் சாத்தப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டியூபைத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே கம்பியில் கட்டிவிட்டு, சின்னவன் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து ஜட்ஜின் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஏழு இருபத்தெட்டு.

டங். டங். டங்.

தெரு முழுக்க டியூப்கள் எழும் சத்தம் கேட்டது. சின்னவனுக்கும் கை துடித்தது. கட்டியாயிற்று, பயமில்லை என்று மறுபடி காலை இழுக்கப் போனான்.

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, நாலாவதாக ஒரு தட்டு விழுந்தது. டங்.

மூன்றுதான் கட்டாயம். நாலாவது யாருக்கு என்று அவனுக்குத் தெரிந்தது. கட்டிலில் தலை இடிக்க எழுந்து வாசலுக்கு ஓடினான். வெள்ளைச் சட்டையில் வால்வுக்காரர், சாவியைத் தோளில் வைத்தபடி மணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“தூக்கிட்டேன் அண்ணே!” என்று சின்னவன் கத்தினான்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சரியாக ஏழரைக்கு வால்வை மூடினார்.